மகள் பெயரில் கொழுந்து

“இத யாரு கேட்டா இவங்கள? ஆ? யாரு கேட்டா?”

தெய்வம்மா அந்த அழைப்பிதழை அடுப்பு மேடையில் வைக்கப் போனாள். ஈரம் படும் என்று எடுத்தாள். கொடியில் தொங்கிய துணிகளுக்கு நடுவே செருகப் போனாள். அதற்கும் மனசு வராமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். வழவழவென்ற தாள். மேலே அவள் மகள் மனிஷாவின் சிரித்த முகம். அடியில் ‘சாதனை மாணவி’ என்று கொட்டை எழுத்து. அதற்கும் அடியில், சிறப்பு விருந்தினர் என்று போட்டு, வெள்ளைப்பாறை எஸ்டேட் மேனேஜரின் பெயர்.

மனிஷா சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊட்டியில் கல்லூரி விட்டு வந்தவள் இன்னும் ஸ்வெட்டரைக்கூடக் கழற்றவில்லை.

“நான் வேண்டாம்னுதாம்மா சொன்னேன். ஜுலைகா மேடம் கேக்கவே மாட்டேங்கறாங்க.”

“ஏன் வேண்டாம்னு காரணம் சொன்னியா?”

“அத எப்படிம்மா சொல்லறது?”

தரையில் கிடந்த போனிலிருந்து மூத்தவன் தினகரன் கத்தினான். அவனுக்குப் பின்னால் திருப்பூர் பனியன் கம்பெனியின் தையல் மெஷின்கள் இரைந்தன. “நான் அப்பவே தலைபாடா அடிச்சிக்கிட்டேன், காலேஜ் வேண்டாம், பேரக் குடுத்த மாதிரி வேலைக்கே அனுப்புன்னு. கேட்டியாம்மா நீ? இப்பப் பாரு, தொரையவே மேடையில உக்கார வச்சு இவளக் கொண்டுபோய்க் காட்டப் போறாங்க!”

“நீ வைடா போன,” என்றாள் தெய்வம்மா. சொன்னாளே தவிர, அவளும் வைக்கவில்லை. அவனாவது ஒரு வழி சொல்ல மாட்டானா என்று போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லுவதுதான் முறை.

வெள்ளைப்பாறை எஸ்டேட்டில் வீடு என்பது குடும்பத்துக்குக் கொடுப்பதல்ல, கைக்குக் கொடுப்பது. லயம் என்கிற அந்த வரிசை வீடுகளில் குடியிருக்க வேண்டுமானால் அந்த வீட்டிலிருந்து ஒரு பெயராவது பெரட்டில் இருக்க வேண்டும். பெரட்டு என்றால், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு மலைக்கு அனுப்பும் இடம். இலங்கைத் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்து இங்கே இறக்கப்பட்ட சனங்கள் மூட்டை முடிச்சோடு அந்தச் சொல்லையும் தூக்கி வந்துவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது முடிந்தால் சர்வீஸ் முடிந்தது. அதற்குள் வீட்டிலிருந்து வேறொரு பெயர் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அந்த மலையில் குனிந்து நிமிர்ந்தவளுக்குக் கடைசியில் ஒரு ஒழுகுகிற கூரைகூட மிச்சமில்லை. இதை அநியாயம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. மழையைப் போல, அட்டைக்கடியைப் போல, அதுவும் எஸ்டேட்டோடு வந்த ஒன்று என்று இருந்துவிட்டார்கள்.

தெய்வம்மா சின்னப் பிள்ளையாக, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலில் வந்தவள். கணவன் இருளப்பன் டீ ஃபேக்டரியில் தூசி தின்று தின்று நெஞ்சு அடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். அங்கேயும் மண் இல்லை, இங்கேயும் மண் இல்லை. இந்த லயத்து வீட்டை விட்டால் போக இடம் இல்லை.

அவளுக்கு ஐம்பத்தெட்டு நெருங்கியபோது தினகரனைத்தான் முதலில் கேட்டாள்.

“எனக்கு இங்க வேல இருக்கும்மா. ஒம் மருமக அந்தக் குளிருக்கெல்லாம் வர மாட்டா. மனிஷா பேரக் குடு. பொம்பளப் புள்ளதான, என்னைக்கிருந்தாலும் கட்டிக்கிட்டுப் போறவ. போற வரைக்கும் ஊட்டக் காப்பாத்தட்டும்.”

அப்போது மனிஷா கல்லூரியில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவளை யாரும் கேட்கவில்லை. வீட்டு ஆம்பிளை சொன்னான், எஸ்டேட் ஆபீசில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் தெய்வம்மா தன் போக்கில் ஒரு காரியம் செய்தாள். பெயர் மகளுடையதாக இருக்கட்டும், கை என்னுடையதாக இருக்கட்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு, சூப்பர்வைசர் இசக்கியிடம் போய் நின்றாள்.

இசக்கி திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தான். “இந்தா பாரு தெய்வம்மா, நான் பேரத்தான் கூப்பிடுதேன். எந்த வாய் பதில் சொல்லுதுன்னு பாக்கதுக்கெல்லாம் எனக்கு நேரம் கெடையாது, கேட்டியா?” என்றான்.

மறுநாள் பெரட்டில் ‘மனிஷா’ என்று அவன் கூப்பிட்டதும், “இருக்கேன்” என்று ஒரு நரைத்த தலை குரல் கொடுத்தது. சுற்றி நின்ற பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“ஏண்டி மனிஷா, ஒனக்கு எப்ப கல்யாணம்? மாப்பிள்ள பாக்கட்டுமா?” என்றாள் பக்கத்து வீட்டு ஆண்டாயி.

“ஒம் மவனத் தர்றியா, கட்டிக்கறேன்,” என்றாள் தெய்வம்மா.

மலை முழுக்கச் சிரிப்பு. ஆண்டாயிக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் இருந்தது. அவளும் கோயமுத்தூரில் இருக்கும் மருமகளின் பெயரில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த லயத்தில் இன்னும் மூன்று வீடுகளில் இதே கதை. ஊருக்கே தெரிந்த ரகசியம். மேலே மேனேஜர் பங்களாவுக்கு மட்டும் தெரியாது.

அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த கல்லூரியில் மனிஷா முதல் பரீட்சையிலேயே பாதிக்குப் பாதி பெயிலானாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்தவளுக்குக் கல்லூரியில் வேதியியல் முழுக்க இங்கிலீஷில் நடந்தது. காலையில் வெறும் டீத்தண்ணி குடித்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனவளுக்கு மத்தியானம் தலை சுற்றியது. “நான் நின்னுடறேம்மா, ஒனக்குக் கையாவது ஓயும்,” என்று ஒரு நாள் போர்வைக்குள் படுத்துக்கொண்டாள்.

அவளைத் தூக்கி நிறுத்தியது அந்தக் கல்லூரியின் மாணவர் துணை மையம். அங்கே ஜுலைகா என்று ஒரு அம்மாள். ஊட்டி மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஹாஜா பாயின் மகள். பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தாள். மதியச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தாள். சாயந்தரம் கல்லூரி விட்ட பிறகு, மேல்படிப்பு படிக்கும் ஷமா என்ற பெண்ணை உட்கார வைத்து, அன்றன்று நடந்த பாடத்தைத் தமிழில் உடைத்துச் சொல்ல வைத்தாள். மனிஷா அரியர் எல்லாம் எழுதிப் பாஸ் பண்ணினாள். இந்த வருஷம் வகுப்பிலேயே முதலாவதாக வந்துவிட்டாள்.

அந்த மதியச் சாப்பாட்டுச் செலவை இந்த வருஷம் முதல் வெள்ளைப்பாறைக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தது, தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று. அதனால்தான் மேனேஜரை அழைத்திருந்தார்கள். அவருடைய எஸ்டேட் பிள்ளையே முதலாவதாக வந்திருக்கிறாள் என்பதில் ஜுலைகாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஜுலைகா லயத்துக்கே வந்துவிட்டாள். தெய்வம்மா மலையிலிருந்து சாப்பாட்டுக்கு இறங்கி வந்தபோது, வாசலில் செருப்பு கிடந்தது. திரும்பிப் போகவும் முடியாது. இடுப்பில் கட்டிய சாக்கும், கறை பிடித்துக் கறுத்த விரல்களுமாக அப்படியே உள்ளே வந்தாள்.

“வாங்கம்மா, வாங்க. உங்க ஊட்டுக்கே வந்து உங்களையே வாங்கன்னு கூப்பிடறேன் பாருங்க,” என்று எழுந்தாள் ஜுலைகா. பிறகு அந்தச் சாக்கைப் பார்த்தாள். “ஏனுங்கம்மா, ரிட்டையர் ஆயிட்டீங்கன்னு மனிஷா சொன்னாளே. இன்னுமா மலைக்குப் போறீங்க?”

மனிஷா சட்டென்று தலை குனிந்துகொண்டாள். தெய்வம்மாவின் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள்: “சும்மா இருக்க முடியலீங்க டீச்சரம்மா. கை பழகிப் போச்சு.”

ஜுலைகாவின் கண் கலங்கிவிட்டது. “பாத்தியா மனிஷா? இந்த வயசுலயும் உனக்காக உங்கம்மா… நீ என்னடான்னா மேடைக்கு வர மாட்டேங்கறே.”

“வேண்டாங்க மேடம். எனக்குப் பேச வராதுங்க.”

“எனக்கு மட்டும் வந்துச்சா? எங்க அத்தா கடையில உருளக்கெழங்கு எடை போட்டுக்கிட்டு இருந்தவ நான். காலேஜ்ல எந்திரிச்சு நின்னாலே கால் நடுங்கும். கூச்சம்தாங்கம்மா நம்ம மாதிரி ஊட்டுப் பிள்ளைகளுக்கு மொத எதிரி. வேண்டாம், வேண்டாம்னுதான் சொல்வாங்க; நாமதான் விடாமப் பிடிச்சு மேல ஏத்தணும். எங்களுக்கு ட்ரெயினிங்கே அப்படித்தான்.”

“அவளுக்குப் பதிலா வேற புள்ளயக் கூப்பிடக் கூடாதாங்க?” என்றாள் தெய்வம்மா.

“முதலாவதா வந்தது இவதானுங்களே! அதுவுமில்லாம கம்பெனியோட கோயமுத்தூர் ஹெட் ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. அவங்க பாத்துட்டுப் போயித்தான் அடுத்த வருஷச் சாப்பாட்டுக்குக் கையெழுத்துப் போடணும். நாப்பது பிள்ளைங்க சாப்பிடறாங்கம்மா. நீங்களும் வரணும். உங்களுக்குப் பொன்னாடை போத்தறோம்.”

தெய்வம்மா தண்ணீர்ச் சொம்பை எடுத்து வாசலுக்குப் போய்க் கை கழுவினாள். கழுவியும் போகாத கறை அது. ஆனாலும் ரொம்ப நேரம் கழுவினாள். சொல்லிவிடலாமா? இந்தப் பெண் நல்லவள். சொன்னால் வாயைப் பொத்திக்கொள்வாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே ஆண்டாயி வாசலில் உட்கார்ந்து, கூடைக்குள் கையை விட்டபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கதவு, அதற்கடுத்த கதவு. அவற்றுக்கெல்லாம் மேலே இசக்கியின் வேலை. சொல்லுவது தன் வீட்டு வார்த்தையாக இருந்தால் சொல்லலாம். இது ஐந்து வீட்டு வார்த்தை.

உள்ளே வந்து, “டீத்தண்ணி குடிக்கறீங்களா டீச்சரம்மா?” என்றாள்.

அன்றைக்கு ராத்திரி தினகரன் போனில் ஒரு ஆறுதல் சொன்னான். “தொரைக்கு மனிஷாவ எங்கம்மா தெரியும்? அவரு என்னைக்காவது உங்க மூஞ்சிய நிமிந்து பாத்திருக்காரா? பேசாமப் போயி சால்வைய வாங்கிட்டு வந்துருங்க.” கேட்கக் கூசினாலும் அதுதான் உண்மை. அந்த உண்மையை நம்பித்தான் தாயும் மகளும் விழாவுக்குப் போனார்கள்.

அவன் சொன்னபடியேதான் நடந்தது. மேனேஜர் சின்ன வயசுக்காரர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மனிஷாவின் கையில் கேடயத்தைக் கொடுத்து, “வெரி குட், வெரி குட். எந்த டிவிஷன்?” என்று கேட்டார். “மேல் டிவிஷன் சார்” என்றதும் தலையை ஆட்டிவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான். முதல் வரிசையில் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்த தெய்வம்மா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

மனிஷாவைப் பேசச் சொன்னார்கள். பட்ட கஷ்டத்தை நாலு வார்த்தை சொல்லு என்று ஜுலைகா முன்பே சொல்லியிருந்தாள். மனிஷா மைக்கைப் பிடித்து, “எல்லாருக்கும் நன்றி” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள். கைதட்டலாமா வேண்டாமா என்று அரங்கம் முழித்தது. ஹெட் ஆபீஸ் அம்மாள் கைக்கடிகாரத்தைத் திருப்பினாள்.

ஜுலைகாவுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் சாப்பாடு அந்தக் கைக்கடிகாரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தாள்.

“இந்தப் பிள்ளைக்குப் பேச வரலீங்க. நான் சொல்றேன். இவங்கம்மா தெய்வம்மா, இதோ உக்காந்திருக்காங்க. வெள்ளைப்பாறை எஸ்டேட்லயே ஆயுசு முழுக்க வேல பாத்தவங்க. ரிட்டையர் ஆகி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா இன்னைக்கும் தினமும் மலைக்குப் போயிக் கொழுந்து எடுக்கறாங்க! போன வாரம் என் கண்ணால பாத்தேங்க, அந்த விரலெல்லாம் கறுத்து… மகள் படிக்கணும்ங்கற ஒரே காரணத்துக்காக! இந்தத் தாய்க்கு ஒரு தரம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டணும்!”

எழுந்து நின்று தட்டினார்கள். இடி இறங்கின மாதிரித் தட்டினார்கள். தெய்வம்மா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். ஹெட் ஆபீஸ் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டாள். மேனேஜரின் கைகள் தட்டுவதை நிறுத்தின. அவர் தெய்வம்மாவைப் பார்த்தார். வந்த நாளிலிருந்து முதல் முறையாக, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

திங்கட்கிழமை பெரட்டில் இசக்கி இல்லை. மேனேஜரே நின்றார். பெயரைக் கூப்பிட்டு, வந்து நின்ற ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். கடைசியில் ஐந்து பெண்களை ஓரமாக நிறுத்தி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளைப் போல அந்த ஐந்து கிழவிகளும் இடுப்புச் சாக்கோடு நின்றார்கள்.

விஷயம் மனிஷா மூலமாகத் தெரிந்து ஜுலைகா ஜீப் பிடித்து எஸ்டேட் ஆபீசுக்கு ஓடி வந்தபோது, உள்ளே தெய்வம்மா மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஜுலைகாவுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

“சார், எனக்குத் தெரியாதுங்க சார். நான்தான் தெரியாமச் சொல்லிட்டேன். இவங்க மேல தப்பில்ல.”

“நீங்க நல்லதுதானே மேடம் சொன்னீங்க,” என்றார் மேனேஜர். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “எனக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா பாக்காத மாதிரி இருந்திருப்பேன். ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்த டைரக்டர் மேடம் முன்னாடி மைக்ல சொல்லிட்டீங்க. ரிட்டையர் ஆனவங்க எப்படி வேலை செய்யறாங்கன்னு அங்கேயே கேட்டுட்டாங்க. நான் என்ன பதில் சொல்லட்டும்?”

தெய்வம்மா மெல்ல வாயைத் திறந்தாள். “தொரை, மேல் மலையில கை பத்தலன்னு ஜார்க்கண்ட்டுல இருந்து ஆளுங்களக் கொண்டாந்து வச்சிருக்கீங்க. என் கை இருக்கு. அவங்கள விட ரெண்டு கிலோ கூட எடுக்கும். என் பேர்லயே எடுத்துக்கறேன்.”

“ஐம்பத்தெட்டுக்கு மேல பேர் போட ரூல் இல்லம்மா. மலையில விழுந்து உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

“இவ்வளவு நாளும் நான்தான எடுத்தேன்?”

“அது எனக்குத் தெரியாதே.” மேனேஜர் பேனாவை மூடினார். “ஐந்து வீட்டுலயும் பேர்ல இருக்கறவங்க வேலைக்கு வரணும். இல்லன்னா வீட்டக் காலி பண்ணணும். ஒரு வீடாவது இந்த வாரம் சரியாச்சுன்னு காட்டினா, மத்த நாலு வீட்டுக்கும் இசக்கிக்கும் நான் டைம் வாங்கித் தருவேன். உங்க பொண்ணு ஒருத்திதான் இங்கேயே இருக்கா. அவ வந்தா எல்லாருக்கும் நல்லது.”

“சார், அவ வகுப்புல முதல் மாணவி!” என்றாள் ஜுலைகா.

“படிக்க வேண்டாம்னு யார் சொன்னா மேடம்? தபால்ல படிக்கட்டும். ஃபீஸ கம்பெனியே கட்டும். நானே எழுதி வாங்கித் தரேன்.”

“வேதியியல் லேப் இல்லாம எப்படி சார் தபால்ல படிக்கறது?”

மேனேஜர் உண்மையாகவே வருத்தப்பட்டார். “வேற சப்ஜெக்ட் எடுத்துக்கலாமே,” என்றார்.

வெளியே வந்ததும் ஜுலைகா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தெய்வம்மாவுக்கு அவளைத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஒரு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டால் நெஞ்சு ஆறும் போலிருந்தது. ஆனால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்மா. வேண்டாம்னு சொன்னப்ப ஏன்னு கேட்டிருக்கலாம்,” என்றபோது, திட்டவும் வாய் வரவில்லை.

“கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் டீச்சரம்மா,” என்றாள்.

சாயந்தரம் ஆண்டாயி வந்தாள். எப்போதும் உள்ளே வந்து அடுப்படியில் உட்காருகிறவள், அன்றைக்கு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஒம் மவ மேடையேறினா. நாங்க ஊட்ட விட்டு எறங்கணும். அப்படித்தானடி?”

“ஆண்டாயி, நான் என்ன…”

“ஒண்ணும் சொல்லாத. பொன்னாடை போத்திக்கிட்டு மொத வரிசையில உக்காந்தியாமே. எம் மருமவ வருவாளா பெரட்டுக்கு? கைக்கொழந்தைய வச்சிக்கிட்டு வருவாளா? எம் மவன் சரத்து போன எடுக்கவே மாட்டேங்கறான்.” சொல்லிக்கொண்டே வந்தவள் அழுதுவிட்டாள். “ஒம் மவள மட்டும் ஒரு வருஷம் அனுப்புடி. ஒரே ஒரு வருஷம். எல்லாருக்கும் மூச்சு விட நேரம் கெடைக்கும்.”

தெய்வம்மா பதில் சொல்லுவதற்கு முன்னால் போன் அடித்தது. தினகரன். ஒரே கேள்விதான் கேட்டான்: “ஊடு நிக்குமா, நிக்காதா? பிரசவத்துக்கு இவள அங்க அனுப்பலாம்னு இருந்தேன்.”

“நீ ஒரு வருஷம் வந்து பேர் குடுடா,” என்றாள் தெய்வம்மா. கெஞ்சித்தான் கேட்டாள். “அவ படிச்சு முடிக்கட்டும். ஒரு வருஷம்தான்டா.”

“என்னம்மா பேசற நீ? நான் ஒரு ஆம்பள, வேலய உட்டுட்டு வந்து கொழுந்து புடுங்கவா?”

போனை வைத்துவிட்டான். ஆண்டாயியும் போய்விட்டாள். மனிஷா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கொழுந்து வெட்டும் கத்தரியை எடுத்தாள். திறந்து மூடிப் பார்த்தாள்.

“எந்த இலை வரைக்கும்மா வெட்டணும்?” என்று கேட்டாள்.

தெய்வம்மா எத்தனையோ பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவள். ஜார்க்கண்ட் பெண்களுக்குக்கூட, பாஷை தெரியாமலே கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். சொந்த மகளுக்குச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டாள்.

மறுநாள் மனிஷா மலைக்குப் போனாள். மேனேஜர் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். மற்ற வீடுகளுக்குத் தவணை கிடைத்தது, இசக்கி வேறு டிவிஷனுக்கு மாற்றலோடு தப்பித்தான். ஹெட் ஆபீஸ் அம்மாளும் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு அடுத்த வருஷமும் உண்டு. ஆனால் மனிஷா இப்போது தொழிலாளர் வீட்டுப் பிள்ளை இல்லை, தொழிலாளி. அவளுக்கு அது இல்லை.

சாயந்தரம் அவள் வந்து கையை நீட்டியபோது விரலெல்லாம் கீறல். சோற்றைப் பிசையக் கூடக் கை மடங்கவில்லை. தெய்வம்மா ஊட்டிவிட்டாள். அவள் ஊட்டிவிட்ட கை, நாளெல்லாம் சும்மா கிடந்து கிடந்து மரத்துப் போயிருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கைக்கு இப்படி ஒரு ஓய்வு வந்ததில்லை. என்ன செய்வதென்றே அதற்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் தெய்வம்மா பொன்னாடையோடு கொடுத்த நல்ல புடவையைக் கட்டினாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊட்டி பஸ் ஏறினாள்.

துணை மையத்தில் சாயந்தர வகுப்பு தொடங்கும் நேரம். வாசலில் அவளைப் பார்த்ததும் ஜுலைகாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்னும் என்ன கேடு வந்ததோ என்று ஓடி வந்தாள்.

“என்னாச்சுங்கம்மா? மனிஷா…”

“மலைக்குப் போயிருக்கா.” தெய்வம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “ஒண்ணு கேக்கறேன், வெகுளியாக் கேக்கறேன்னு சிரிக்காதீங்க. அவளுக்குப் பதிலா நான் வந்து உக்காந்தா ஆகுமாங்க?”

ஜுலைகாவுக்கு முதலில் புரியவில்லை.

“நான் அஞ்சாங்கிளாஸ்ங்க. அதுவும் சிலோன்ல. ஆனா எழுத்து கூட்டுவேன். பலகையில என்ன எழுதறாங்களோ அத அப்படியே பாத்து எழுதிக்கறேன். பேசறத இந்தப் போன்ல பிடிச்சிக்கறேன். ராத்திரி அவ பாத்துக்குவா.”

“அம்மா…” ஜுலைகா அவள் கையைப் பிடித்தாள். பொய் சொல்ல அவளுக்கு இனிமேல் தைரியம் இல்லை. “வருகைப் பதிவு இல்லாட்டி பரீட்சை எழுத விட மாட்டாங்கம்மா. லேப் இருக்கு. நான் பிரின்சிபால்கிட்டப் பேசிட்டேன், யுனிவர்சிட்டிக்கும் எழுதிக் கேட்டுட்டேன். வழியில்லைன்னுட்டாங்க. இதெல்லாம் எழுதிக்கிட்டுப் போயி ஒண்ணும் ஆகாதுங்கம்மா.”

“ஆகாதுன்னா போகுது,” என்றாள் தெய்வம்மா. “என்னையும் மலையில வேண்டாம்னுட்டாங்க. ஊட்டுல உக்காந்து செவுத்தப் பாக்கறதுக்கு, இங்க உக்காந்து இதப் பாக்கறேன்.”

ஜுலைகா கதவிலிருந்து விலகி வழி விட்டாள்.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் கிசுகிசுக்க, பக்கத்திலிருந்த பெண் அவன் தொடையில் கிள்ளினாள். தெய்வம்மா யாரையும் பார்க்காமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பெஞ்சு ஒடுக்கமாக இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தாள். போனைத் திறந்து, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் பக்கத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். அது அழுத்திக் கொடுத்தது.

ஷமா பலகையில் ஆறு மூலைக் கட்டம் ஒன்றைப் போட்டாள். அதன் முனைகளில் எழுத்துகளை எழுதினாள். கட்டத்துக்குள்ளே கோடுகள் இழுத்தாள். பக்கத்தில் அம்பு. அம்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு கட்டம். ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். தெய்வம்மாவுக்கு ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. பேனாவைக் கத்தரியைப் பிடிக்கிற மாதிரி முழுக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு மூலை வரைந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இன்னொரு மூலை வரைந்தாள். கோடு கோணியது, அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

மற்ற பிள்ளைகள் எழுதி முடித்துவிட்டார்கள். ஷமா பலகையை அழிக்கத் துணியை எடுத்துக் கையைத் தூக்கினாள். கடைசி பெஞ்சில் குனிந்திருந்த நரைத்த தலையைப் பார்த்தாள். தூக்கிய கையை இறக்கிக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும் வரை நின்றாள்.